பதினேழாம் எண்ணின் சாயங்கால மாத்திரை

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் பதினான்காம் பக்கத்திலிருந்து வந்தது.

மருந்து ஆய்வுகளில் சேர்கிறவர்கள் கையெழுத்துப் போடும் சம்மதப் படிவங்களைத் தமிழாக்குவது என் தொழில். இலக்கியம் படித்தவர்களுக்கு வேறு வேலை கிடைக்காதா என்று கேட்காதீர்கள். கிடைத்தது இது. ஒரு படிவம் சராசரியாக இருபத்திரண்டு பக்கம். பதினான்காம் பக்கத்தின் மூன்றாம் வரி எப்போதும் ஒன்றுதான்: 'இம்மருந்தைத் தாங்கள் வேறு எவருக்கும் வழங்கலாகாது.' கம்பீரமான வரி. பத்து வருடத்தில் எழுபது முறையாவது எழுதியிருப்பேன். தனக்குக் கிடைத்த மாத்திரையை ஒருவர் எதற்காக இன்னொருவருக்கு வழங்கப் போகிறார் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

ஒரு நாள் யோசித்துவிட்டேன். அதன் பக்கவிளைவு இது.

நடந்த கதை அல்ல. நடந்திருந்தால் என்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். என்னிடம் படிவங்கள் வரும். மனிதர்கள் வருவதில்லை.

2

தொடக்கங்கள்.

'தோல் வாடையோடு விழித்துக்கொண்டது ஆம்பூர்.' அடித்துவிட்டேன். ஆம்பூரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதல் வரியிலேயே மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் பிடித்துக்கொள்வதில்லை. கைக்கு வேறு வேலை இருக்கிறது.

'காலில் இறங்கிய ரத்தம் திரும்ப இதயத்துக்கு ஏறுவது உண்மையில் ஒரு மௌனமான போராட்—' அடித்துவிட்டேன். போராட்டம் எல்லாம் இல்லை. நாள் முழுக்க நின்றே வேலை செய்தால் காலின் சிரைகளில் ரத்தம் மேலே ஏறாமல் தேங்கும். சிரை புடைத்துச் சுருளும். ஊரில் நரம்பு சுருட்டு என்பார்கள். முற்றினால் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துப் புண் வரும். வந்தால் லேசில் ஆறாது. கட்டுரைப் பகுதி இத்துடன் முடிந்தது.

'குர்ஷித்துக்கு முப்பத்தெட்டு வயது.' இதை வைத்துக்கொள்கிறேன். இதில் பொய் சொல்ல இடமில்லை.

3

குர்ஷித்துக்கு முப்பத்தெட்டு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், ஷூவுக்குள்ளே கம்பெனி பெயர் அச்சிட்ட உள்தாளை ஒட்டும் மேஜையில் பதினோரு வருடமாக நிற்கிறாள். இடது கணுக்காலுக்கு மேலே நான்கு வருடமாக ஒரு புண். அதே மேஜையில் எதிரே நிற்பவள் அமிர்தவள்ளி. நாற்பத்து நான்கு வயது. அவளுக்குப் புண் இன்னும் வரவில்லை. இரண்டு காலிலும் சிரைகள் கயிறு மாதிரி புடைத்து, வருவதற்கான எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருக்கின்றன.

(இங்கே உங்களில் சிலர் நிமிர்ந்து உட்கார்கிறீர்கள். ஒரு முஸ்லிம் பெண், ஒரு இந்துப் பெண், ஒரே மேஜை. நல்லிணக்கக் கதை வருகிறது என்று. வராது. ஒருத்தி பாத்ரூம் போனால் இன்னொருத்தி கன்வேயரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம் அது. நீங்கள் சாய்ந்து கொள்ளலாம்.)

மேஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. எது வந்தாலும் பாதி பாதி. டிபன் பாக்ஸ், ரம்ஜான் கஞ்சி, பொங்கல் கரும்பு, சூப்பர்வைசரின் திட்டு. அமிர்தவள்ளி ஒட்டியது கோணல் என்று ஒரு நாள் திட்டு விழுந்தபோது, "ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஒட்னோம், பாதிய எனக்குத் திட்டுங்க" என்று குர்ஷித் நடுவில் வந்தாளாம். சூப்பர்வைசர் இரண்டு பேரையும் முழுசாகத் திட்டினார். வழக்கம் அவருக்குத் தெரியாது.

ஆகவே, வேலூரில் நரம்பு சுருட்டுக்குப் புது மருந்து ஆய்வு நடக்கிறது என்று கேள்விப்பட்டபோது, இருவரும் சேர்ந்தே லீவு போட்டு பஸ் ஏறினார்கள்.

மருத்துவமனைக்குப் பெயர் வேண்டாம். நீங்கள் நினைக்கிற எதுவும் இல்லை. இது நான் கட்டியது. மூன்று மாடி, ஒரு லிப்ட், அதுவும் பழுது.

4

கதை யாருடைய தோளுக்குப் பின்னால் நின்று சொல்லப்பட வேண்டும் என்று நிறைய யோசித்தேன். குர்ஷித்தின் தோள் என்றால் உங்களுக்கு அழுகை வரும். டாக்டரின் தோள் என்றால் எனக்குத் தூக்கம் வரும். எனவே ஷர்மிளா.

ஷர்மிளா அந்த ஆய்வின் ஒருங்கிணைப்பாளர். ஜோலார்பேட்டைக்காரி. இருபத்தொன்பது வயது. நான்கு வருடமாக இந்த வேலை. டாக்டர் பெயரில் நடக்கிற ஆய்வில் டாக்டர் செய்யாத எல்லாவற்றையும் செய்பவரை ஒருங்கிணைப்பாளர் என்று அழைப்பது மரபு.

முதல் வேலை சம்மதம் வாங்குவது. வாங்குவதை வீடியோ எடுக்க வேண்டும்.

"இருபத்திரண்டு பக்கம் இருக்குக்கா. நிதானமா படிங்க."

"நீங்க படிச்சிட்டீங்களா மேடம்?" என்றாள் குர்ஷித்.

"படிச்சிட்டேன்."

"அப்ப போதும். எல்லாரும் படிச்சி இன்னா ஆவப்போவுது."

ஷர்மிளா முக்கியமான பகுதிகளைச் சொன்னாள். சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பாதிக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மருந்து கல்லீரலைத் தொந்தரவு செய்யலாம் என்று ஒரு சந்தேகம், அதனால் ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுப்பார்கள். பதினான்காம் பக்கத்து வரியையும் அவள் சொன்னாள். அந்த நேரத்தில் குர்ஷித் கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புரிஞ்சதுன்னு கேமராவப் பாத்து சொல்லுங்க."

குர்ஷித் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "புரிஞ்சது." பிறகு, "நல்லா வந்திச்சா? இன்னொரு தபா சொல்லட்டா?"

அவளுக்குப் பதினேழு என்று எண் கொடுத்தார்கள்.

அமிர்தவள்ளிக்கு எண் நிலைக்கவில்லை. கல்லீரல் பரிசோதனையில் அறுபதுக்குள் இருக்க வேண்டிய ஒன்று எழுபத்து நான்கு இருந்தது. கல்லீரல் ஏற்கெனவே கொஞ்சம் சோர்ந்திருப்பவர்களை ஆய்வில் சேர்ப்பதில்லை. ஷர்மிளா மென்மையாகத்தான் சொன்னாள்.

"எனக்கு வலி கால்ல கீது," என்றாள் அமிர்தவள்ளி. "நீங்க வயித்துக்குள்ள பாத்துட்டு வாணாங்கறீங்க."

"உங்க நல்லதுக்குத்தாம்மா."

"அதான. எனக்கு வர்ற நல்லதெல்லாம் இப்படித்தான் வரும்." குர்ஷித்தின் பக்கம் திரும்பினாள். "நீ முழுங்கு. எனக்கும் சேத்து முழுங்கு."

பெரும்பாலும் அந்த வாக்கியத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எனக்கும் உறுதியாகத் தெரியாது. நான் பஸ்ஸில் அவர்களோடு திரும்பிப் போகவில்லை.

5

பதினேழாம் எண் ஒரு முன்மாதிரி நோயாளி.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதன்கிழமை வருவாள். துணைக்கு அமிர்தவள்ளி. தினமும் மாத்திரை போட்டதும் டிக் அடிக்க ஒரு கையேடு கொடுத்திருந்தார்கள். பதினேழின் கையேட்டில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. திரும்பக் கொண்டுவரும் காலி மாத்திரை அட்டைகளில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. ரத்தம் சுத்தம். கல்லீரல் பிரமாதம்.

புண்ணை அளப்பது இப்படி. கட்டம் போட்ட கண்ணாடித் தாளைப் புண்மேல் வைத்து, பேனாவால் ஓரத்தைச் சுற்றி வரைந்து, உள்ளே எத்தனை கட்டம் என்று எண்ண வேண்டும். முதல் நாள் இருபத்திரண்டு கட்டம். பிறகு பத்தொன்பது. பதினான்கு. பத்து. ஐந்தாவது வருகையில் ஆறு. ஒரு புண் சுருங்குவதைக் கையால் வரையும் வாய்ப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

டாக்டர் சூரியபிரகாஷ் மாதாந்திரக் கூட்டத்தில் பதினேழின் கையேட்டைத் தூக்கிக் காட்டினார். "படிச்சவங்களே இவ்ளோ ஒழுங்கா சாப்பிடறதில்ல."

(டாக்டர் சூரியபிரகாஷ் பற்றி. இவரை வில்லனாக்க மூன்று முறை முயன்றேன். முதல் முயற்சியில் மருந்துக் கம்பெனி செலவில் வெளிநாடு அனுப்பினேன். திரும்பி வந்து இருமலோடு நின்றார். இரண்டாவதில் நோயாளியைக் கத்த வைத்தேன். கத்திவிட்டு மன்னிப்புக் கேட்டார். மூன்றாவதில் விட்டுவிட்டேன். அவர் சராசரியான, நல்ல, நேரமில்லாத மனிதர். வில்லனைவிட இப்படிப்பட்டவர்களை எழுதுவது கஷ்டம். தப்பு நடந்தால் யார்மேல் போடுவது?)

6

ஆறாவது வருகை. வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அமிர்தவள்ளிக்கு ஷர்மிளா டீ கொண்டுபோனாள். துணைக்கு வருகிறவருக்கு ஒரு டீ, இரண்டு பிஸ்கட் என்பது ஆய்வு விதி. அமிர்தவள்ளி வாங்க நிமிர்ந்தாள். கண் மஞ்சள்.

"எத்தன நாளா இப்படி?"

"எப்படி?"

"கண்ணு."

"தூக்கமில்ல மா."

"தூக்கமில்லன்னா செவக்கும். மஞ்சளாவாது."

"ஆங், நீ டாக்டருக்குப் படிச்சிட்ட." அமிர்தவள்ளி டீயைக் கீழே வைத்தாள். "கீழாநெல்லி அரைச்சிக் குடிக்கிறேன். சரியாப்பூடும். நீ உள்ள போ. அவ கால அளக்கணுமில்ல."

ஷர்மிளா உள்ளே போனாள்.

(அவள் மனதில் மின்னல் வெட்டியது என்று எழுதியிருந்தேன். எதுவும் வெட்டவில்லை. அவள் காலி அட்டைகளை எண்ணினாள்.)

சரியாக இருந்தது. இதுவரை எல்லா முறையும் சரியாக இருந்தது. நான்கு வருடத்தில் அவள் பார்த்த எவருக்கும் இப்படி இருந்ததில்லை. மனிதர்கள் மறப்பார்கள். கல்யாணத்துக்குப் போவார்கள், பை மாறும், அட்டை வீட்டிலேயே கிடக்கும். ஒருநாள்கூட மறக்காத மாத்திரை என்றால், அதை யாரோ தினமும் கேட்டு வாங்குகிறார்கள்.

"அக்கா, சாயங்கால மாத்திரய எங்க வெச்சு சாப்பிடுவீங்க?"

"கம்பெனில. நாலு மணி டீ டைம்ல."

"யாரு சாப்பிடுவா?"

குர்ஷித் தன் காலைப் பார்த்தாள். கட்டம் போட்ட தாள் இன்னும் புண்மேல் இருந்தது.

"பாதி பாதி மேடம்," என்றாள். "காலைல எனக்கு. சாயங்காலம் அக்காவுக்கு."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

"அவங்களுக்குக் கல்லீரல் சரியில்லன்னுதானக்கா சேக்கல!"

"அது உங்க கம்ப்யூட்டருக்கு. கால் வலி அவளுக்குந்தான கீது. நான் மட்டும் முழுங்கிட்டு அவ மூஞ்ச எப்படிப் பாக்கறது? எட்டு மணி நேரம் எதிர்லயே நிக்கிறா." குரல் இறங்கியது. "அதுனாலயா மேடம், மஞ்சளு? நான்தான் பண்ணிட்டனா?"

தெரியாது என்று சொல்ல ஷர்மிளாவுக்குப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. "ரத்தம் எடுத்துப் பாக்கலாம்," என்றாள்.

"சும்மா ஒண்ணும் வாங்கிக்கல அவ," என்றாள் குர்ஷித், யாரோ அமிர்தவள்ளியைக் குறை சொன்ன மாதிரி. "மாத்திரைக்குப் பதிலு, மத்தியானத்துக்கு மேல நான் உக்காந்துக்குவேன்."

"கம்பெனில உக்கார விடுவாங்களா?"

"சொல்யூஷன் டின்னக் கவுத்துப் போட்டு உக்காருவேன்." சொல்யூஷன் என்றால் ஷூவுக்கு ஒட்டும் பசை. மூடியைத் திறந்தாலே தலை கிறுகிறுக்கும். "மேஜைக்கு முன்னாடி தகடு அடிச்சிருக்குது. சூப்பர்வைசருக்கு என் தலை மட்டும்தான் தெரியும். குட்டைப் பொம்பளன்னு நெனச்சிக்குவாரு. கன்வேயர்லேர்ந்து அவ எடுப்பா. சொல்யூஷன் அவளே தடவுவா, என் பங்கும் சேத்து. நான் தாள வெச்சி அழுத்துவேன், கால நீட்டிக்கினு."

ஷர்மிளா கண்ணாடித் தாளைப் பார்த்தாள். நான்கு கட்டம்.

7

இங்கே கதையை நிறுத்தி ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. கட்டுரைப் பகுதி முடிந்தது என்று சொன்னேன். பொய்.

குர்ஷித்தின் புண் ஆறுகிறது. காரணம் மருந்தா? பாதி மருந்துதான் சாப்பிட்டாள். மாவு மாத்திரையாகவே இருந்தால் அதுவும் இல்லை. அல்லது, பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒரு பெண் மத்தியானத்தில் உட்கார்ந்ததா? மருந்து கண்டுபிடிக்க எட்டு வருடம் ஆகியிருக்கிறது. டின்னைக் கவிழ்க்க இரண்டு விநாடி.

அமிர்தவள்ளியின் கல்லீரல் கெடுகிறது. காரணம் மாத்திரையா? அல்லது இரண்டு பேர் பங்குப் பசையைக் குனிந்து தடவியதா? அல்லது ஏற்கெனவே இருந்த எழுபத்து நான்கா? அந்த எழுபத்து நான்கே எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆய்வுக்குத் தகுதியில்லை என்று தெரிந்ததும் அந்த எண்ணின் மேல் எல்லோருக்கும் ஆர்வம் போய்விட்டது.

ஆய்வின் வரவுப் பக்கத்தில்: மிக ஒழுங்கான நோயாளி, சுருங்கும் புண், சுத்தமான கல்லீரல். மருந்தின் தீமை எல்லாம், அப்படி ஒன்று இருந்தால், வெளி பெஞ்சில் டீ குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

அமிர்தவள்ளியின் ரத்த முடிவு மத்தியானம் வந்தது. எழுபத்து நான்கு இப்போது எண்ணூற்றுப் பன்னிரண்டு.

8

ஷர்மிளா கம்ப்யூட்டரில் பக்கவிளைவுப் படிவத்தைத் திறந்தாள். முதல் கட்டம்: பங்கேற்பாளர் எண். எண் போடாமல் அடுத்த கட்டத்துக்கு நகராது. தேர்வு நாளில் அமிர்தவள்ளிக்குக் கொடுத்திருந்த தற்காலிக எண்ணைப் போட்டாள். 'இந்த எண் மூடப்பட்டது' என்றது திரை. பதினேழு என்று போட்டாள். 'கல்லீரல் முடிவு இயல்பு. பக்கவிளைவு எதுவும் இல்லை' என்றது. அமிர்தவள்ளிக்கு மஞ்சள் காமாலை வந்திருப்பதை அந்தக் கம்ப்யூட்டரிடம் சொல்வதற்கு வழியே இல்லை.

வெளியே வந்து இருவரிடமும் உள்ளதைச் சொன்னாள். மாத்திரையைப் பகிர்ந்ததற்கு எச்சரிக்கையோடு விட்டுவிடலாம். ஆனால் அது மருந்தா மாவா என்று தெரிய வேண்டுமானால், டாக்டர் பதினேழின் ரகசியத்தைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் பதினேழு ஆய்வைவிட்டு வெளியே. மாத்திரை கிடையாது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது கிடையாது.

"தொறக்க வாணாம்," என்றாள் அமிர்தவள்ளி. "நாலு கட்டம்தான் பாக்கி கீது. ஆறட்டும்."

"கண்ணு மஞ்சளா வெச்சிக்கினு கட்டம் எண்றா பாரு," என்றாள் குர்ஷித்.

"காமால வரும் போவும். உன் புண்ணு போவாது. நாலு வருசமா பாத்துக்கினு கீறேன், நாத்தம் எனக்குத்தான தெரியும்."

"எனக்கு நாறலியா அப்ப?"

"நீ உன் நாத்தத்துக்குப் பழகிட்ட."

ஷர்மிளா மறுபடி அறைக்குள் போய் உட்கார்ந்தாள். இனி முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. ஷர்மிளா எதையும் எழுதவில்லை. அமிர்தவள்ளியிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கிறாள், அங்கே போய் எதுவும் சொல்லாதே என்று. குர்ஷித்தின் புண் ஆறுகிறது. மருந்து சந்தைக்கு வருகிறது. எல்லோருக்கும் நல்லது. அமிர்தவள்ளியும் அநேகமாகப் பிழைத்துக்கொள்வாள். இந்த 'அநேகமாக' எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

முடிவு இரண்டு. ஷர்மிளா பத்திரிகையாளர்களை அழைக்கிறாள். விசாரணைக் குழு. தலைகுனியும் டாக்டர். ஷூ கம்பெனியில் வரிசையாக நாற்காலி. இதை எழுதும்போது எனக்கே கை தட்டத் தோன்றியது. அப்போதுதான் தப்பு என்று புரிந்தது.

முடிவு மூன்று. 'ஷர்மிளா எழுந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, இனி உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை என்று. டாக்டரின் அறைக் கதவைத் தட்டக் கையை உயர்த்திய அந்த—'

வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. உள்ளே ஏற்கெனவே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

9

"எழுதிக்குங்க டாக்டர்," என்றது குர்ஷித்தின் குரல். "சாயங்கால மாத்திரை நான் ஒண்ணுகூட சாப்பிடல. அவ சாப்ட்டா. வெளிய பெஞ்சில கீறா. மொதல்ல அவளப் பாருங்க."

ஷர்மிளா கதவைத் திறந்தாள். டாக்டர் சூரியபிரகாஷ் பாதி எழுந்த நிலையில் இருந்தார்.

"பதினேழா? நீங்களா?"

"நம்பரு நான்தான். மாத்திர அவ."

டாக்டர் ஷர்மிளாவைப் பார்த்தார். ஷர்மிளா ரத்த முடிவை நீட்டினாள். அவர் ஒருமுறை படித்தார். பிறகு, ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாக, வெளி பெஞ்சு வரைக்கும் நடந்து போனார். அமிர்தவள்ளியை உள்ளே கூட்டிவந்து படுக்க வைத்து, வயிற்றை அழுத்திப் பார்த்தார். கண் இமையை இறக்கிப் பார்த்தார். புத்தி தெளிவாக இருக்கிறதா என்று சோதிக்க, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார்.

"புதன். லீவு போட்டு வந்துகிறேன், கெழம தெரியாதா?"

"பிரிச்சிப் பாருங்க டாக்டர்," என்றாள் குர்ஷித். "இன்னா தின்னான்னு தெரியாம எப்படி வைத்தியம் பாப்பீங்க?"

"பிரிச்சா உங்கள எடுத்துடுவாங்க. தெரியுமில்ல?"

"மேடம் சொன்னாங்க."

"கால் நல்லா ஆறிட்டு வருது."

"ஆமா," என்றாள் குர்ஷித். "ஆறிக்கினுதான் இருந்திச்சி."

அமிர்தவள்ளி படுக்கையிலிருந்து எழப் பார்த்தாள். "ஏய், லூசு. வாணாம்னு சொல்றன்ல. டாக்டர், அவ பேச்சக் கேக்காதீங்க, அவளுக்கு ஒண்ணுந் தெரியாது."

"படு நீ," என்றாள் குர்ஷித்.

டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தார். மூன்றாம் முறை திறந்தது. படித்தார். மூடினார். அமிர்தவள்ளிக்கு எழுதிக் கொடுத்தார்: மாத்திரையை நிறுத்த வேண்டும். கீழாநெல்லியையும் நிறுத்த வேண்டும். மூன்று வாரம் வேலைக்குப் போகக் கூடாது. வாரம் ஒருமுறை ரத்தம்.

அவர்கள் வெளியே போனபிறகு ஷர்மிளா கேட்டாள். "சார், மருந்தா?"

"உங்களுக்குச் சொல்லக் கூடாது. மத்த நோயாளிங்க இருக்காங்க."

"மருந்தா இருந்தாலும் இதத்தான எழுதியிருப்பீங்க?"

"ஆமா."

"மாவா இருந்தாலும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"இதேதான்," என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "தொறந்திருக்கவே வேணாம்."

ஆனால் திறந்தாகிவிட்டது. திறந்ததை மூடும் பொத்தான் அந்த மென்பொருளில் இல்லை.

(திரையில் என்ன இருந்தது என்று என்னைக் கேட்பீர்கள். நான் எழுதியவன், எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.)

10

மூன்று வாரம் கழித்து இறுதி வருகை. ஆய்விலிருந்து விலகுகிறவர்களும் ஒருமுறை வந்து விலக வேண்டும்.

அமிர்தவள்ளியின் எண்ணூற்றுப் பன்னிரண்டு இருநூற்று அறுபதாக இறங்கியிருந்தது. கண்ணில் மஞ்சள் வெளுத்திருந்தது. டாக்டர் சந்தோஷப்பட்டார். ஷர்மிளாவும். எதனால் இறங்கியது என்று மட்டும் கேட்கக் கூடாது. மூன்று வாரமாக அவள் மாத்திரையும் சாப்பிடவில்லை, பசையும் தடவவில்லை.

குர்ஷித்தின் புண்ணில் ஷர்மிளா கண்ணாடித் தாளை வைத்து வரைந்தாள். ஒன்பது கட்டம். இன்னொருமுறை எண்ணினாள். ஒன்பதுதான்.

"மேஜைல இப்ப எதிர்ல யாரு?"

"புதுப் பொண்ணு. கெட்டிக்காரி. நின்னுக்கினே ரெண்டு பேர் வேல பாப்பா." குர்ஷித் காலுக்குத் துணி சுற்றிக்கொண்டாள். "அவளாண்ட போய் உக்காந்துக்கறன்னு எப்படிக் கேக்கறது? அவளுக்குக் குடுக்க எங்கிட்ட இன்னா கீது?"

ஒன்பது கட்டம் அறிக்கையில் ஏறும். மாத்திரை மருந்தாக இருந்திருந்தால், நிறுத்தியதும் புண் பெரிதானது மருந்தின் வெற்றி. மாவாக இருந்திருந்தால், 'விளக்கம் கிடைக்காத மாற்றம்'.

கடைசியாக ஒரு கட்டம் பாக்கி. விலகலுக்கான காரணம். ஷர்மிளா ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"பங்கேற்பாளரின் விருப்பமின்மை?"

"ஐய, எனக்கு ஆசையாத்தான இருந்திச்சி."

"பக்கவிளைவு?"

"எனக்கு ஒண்ணும் வரலியே."

"வேறு ஊருக்குக் குடிபெயர்தல்?"

"எங்க போறது?"

"இறப்பு."

"தோபா தோபா!" குர்ஷித் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "அடுத்தது சொல்லுங்க."

"பிற. அவ்ளோதான். பிறன்னு போட்டா காரணம் எழுதணும். நாப்பது எழுத்துக்குள்ள."

"நீங்களே இன்னாவாச்சும் போட்டுக்குங்க மேடம். நீங்க படிச்சவங்க." வாசலிலிருந்து அமிர்தவள்ளி, பஸ் போய்விடும் என்று கத்தினாள். "வர்றேன், கத்தாத. ஈரல் கெட்டும் தொண்ட கெடல பாரு," என்றபடி குர்ஷித் எழுந்தாள். வலது காலில் அழுத்தி, இடது காலை மெதுவாக வைத்துப் போனாள்.

ஷர்மிளா தட்டினாள்: 'மாத்திரையைப் பகிர்ந்தார்.' படித்துப் பார்த்தாள். அதற்கு எச்சரிக்கைதான் தண்டனை. விலகியது அதற்காக இல்லை. அழித்தாள். 'தோழிக்காக.' கல்லூரி ஆண்டு மலரில் வரும் கவிதை மாதிரி இருந்தது. அழித்தாள். 'ரகசியம் திறக்கப்பட்டதால்.' உண்மை. ஆனால் தானாகத் திறந்துகொண்ட மாதிரி இருக்கிறது. அதையும் அழித்தாள்.

அந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. இருபது நிமிடம் எதுவும் எழுதாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். மூடும்போது, காலியாக விட்ட கட்டத்தில் பட்டியலின் முதல் காரணத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும்: பங்கேற்பாளரின் விருப்பமின்மை.

அடுத்த நோயாளி வந்துவிட்டார் என்று வெளியே அழைக்கிறார்கள். ஷர்மிளா எழுந்து போகிறாள். கட்டம் காலியாக இருக்கிறது. பதினெட்டு நிமிடம் ஆகிவிட்டது. நாற்பது எழுத்து, இடைவெளியையும் சேர்த்து. நான் எழுதப் போவதில்லை. இவ்வளவு நேரம் நீங்கள் உட்கார்ந்துதானே படித்துக்கொண்டிருந்தீர்கள்.

எழுதுங்கள்.